தண்ணி விழும் கோடு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், ஊழியர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். மலேரியா மஸ்தூராகச் சேர்ந்து மஸ்தூராகவே ஓய்வு பெற்றவன். கொசு மருந்து அடித்தேன். கிணற்றுக்குப் பவுடர் போட்டேன். இன்ஸ்பெக்டர் பின்னால் நடந்தேன். அவ்வளவுதான் என்றேன். அவர்கள் விடவில்லை.

காரணம் போன மாதம் நடந்த கிராம சபை. மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீடுகள் இப்போது எங்கள் பக்கம் கூடிவிட்டன. டீக்கடை, ஓட்டலோடு அங்கேயும் பீடி சிகரெட் கூடாது, போர்டு வைக்க வேண்டும் என்று புது சுகாதார இன்ஸ்பெக்டர் பேசினார். சொந்த வீட்டுக்குள் வந்து சட்டம் பேசுவதற்கு நீ யார் என்று ஒருவன் எழுந்தான். அப்புறம் எல்லாரும் எழுந்தார்கள். தீர்மானம் நிறைவேறவில்லை. வெளியே வந்த பிறகு இன்ஸ்பெக்டர் என்னிடம், உங்கள் காலத்தில் இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. இதில் எழுதுகிறேன்.

எனக்குப் பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வேலூரில் மூன்று நாள் உட்கார வைத்தார்கள். மருந்துப் பம்பைப் பிரித்து மாட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். மீதியை மலையில் நடந்து கற்றேன். ஆறு இன்ஸ்பெக்டர்களிடம் வேலை பார்த்தேன். ஐந்து பேர் மாற்றல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் மட்டும் கேட்கவில்லை. இது அவரைப் பற்றியது.

அவர் கீழ்நாட்டுக்காரர், மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்தவர். மெலிந்த ஆள். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சோதனைக்குப் போகிற கடையில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். பிளாஸ்கில் டீ கொண்டு வருவார். அதையும் ரோட்டில் நின்றுதான் குடிப்பார். ஒரு தப்பைப் பார்த்தால் முதல் தடவை வாயால் சொல்வார். இரண்டாம் தடவை தாளில் எழுதிக் கொடுப்பார். மூன்றாம் தடவை அபராத ரசீது கிழிப்பார். ரசீதில் பெயர், தகப்பன் பெயர், இடம், நேரம் எல்லாம் எழுதி, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவார். பிறகு, "சாட்சி?" என்பார். சாட்சிக் கையெழுத்து இல்லாமல் அவர் ஒரு ரசீதும் கொடுத்ததில்லை. பார்த்தவன்தான் போட வேண்டும். பெரும்பாலும் பார்த்தவன் நான்தான். சாட்சி, காளி என்று எத்தனை தாளில் எழுதியிருப்பேன், தெரியாது.

சுகாதார நிலையத்துக்கு எதிரே காதர் பாய் டீக்கடை. வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து மேலே வந்து கடை போட்டவர். அப்போது எங்கள் ஊரில் பஸ்ஸுக்கு நிற்க ஷெட் கிடையாது. மழை என்றால் பாய் கடைதான். ஓலைக் கூரை, தாழ்வான வாசல். தூணில் தேங்காய் நார்க் கயிறு ஒன்று தொங்கும். நுனியில் நாள் முழுக்க நெருப்பு கனிந்துகொண்டிருக்கும். பீடி வாங்குகிறவன் அதில் பற்றவைத்துக்கொண்டு உள்ளே பெஞ்சில் உட்காருவான். பத்துப் பேர் உட்கார்ந்தால் பாயின் முகம் தெரியாது.

ஒரு சாரல் நாளில் இன்ஸ்பெக்டரும் நானும் நிலையத்து வாசலில் நின்றிருந்தோம். எதிரே ஒரு பெண், கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு பாய் கடைக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றாள். கூரையை விட்டு ஓரெட்டு தள்ளி. குழந்தைக்கு இளைப்பு. காலையில்தான் மருந்து வாங்கியிருந்தாள்.

"அந்தம்மா ஏன் நனையுது?" என்று கேட்டார்.

"உள்ள பொகைங்க சார்."

அவர் குடையை எடுத்துப் போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கடை வாசலில் குனிந்தார். கூரைத் தண்ணீர் விழுந்து விழுந்து மண்ணில் ஒரு கோடு இருந்தது. அதைக் காட்டிச் சொன்னார். இந்தக் கோட்டுக்கு உள்ளே யாரும் புகை விடக்கூடாது. கோட்டுக்கு வெளியே வானத்துக்குக் கீழே போய்க்கொள்ளட்டும். கயிற்றை எடுத்துவிட வேண்டும்.

பாய் சிரித்தார். "கயிறு பீடி குடிக்காது சார்."

"குடிக்காது. நெருப்பு கொடுக்குது. அதுவும் கூடாது."

"இது என் கடை. நான் வேய்ஞ்ச ஓலை. கவர்மெண்டு ஒரு ஓலை கொடுத்துச்சா?"

"கடை உங்களுது பாய். உள்ள வர்றவங்க மூச்சு உங்களுது இல்ல."

அது முதல் தடவை. அடுத்த வாரம் தாள் எழுதிக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க ஊரில் இதே பேச்சு. கயிறு இல்லாத கடைக்கு யார் வருவார்கள் என்றார் பாய். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பாதிப் பேர் நெருப்புக்குத்தான் வந்தார்கள். நானும் அதே கயிற்றில் பற்றவைத்தவன்தான்.

மூன்றாம் தடவை நாங்கள் போனபோது கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஊர்க் கவுண்டர் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

ஊர்க் கவுண்டர் என்றால் எங்கள் ஊருக்குத் தலைவர். பெயர் வெள்ளையன். பெயர் சொல்லி யாரும் கூப்பிடமாட்டோம். கல்யாணம், சாவு, சண்டை எதுவானாலும் அவர் சொல் வேண்டும். எனக்கு மாமா முறை. படிக்கத் தெரியாது. ஆனால் பேச்சில் அவரை மடக்க முடியாது.

"கோயில்ல செருப்பு போடாதன்னா போடல. டீக்கடை இன்னா கோயிலா?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறந்தார். கயிற்றுக்காகப் பாய்க்கு ஒரு ரசீது, பீடிக்காகக் கவுண்டருக்கு ஒரு ரசீது. உரக்கப் படித்தார். "சாட்சி?" என்றார்.

கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. கவுண்டர் என்னைப் பார்த்தார். நான் போட்டேன். சாட்சி, காளி.

கவுண்டர் பணத்தைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். என்னைத் தாண்டும்போது, "நல்லா எழுதற கவர்மெண்டு" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பேர். மாப்ளே என்று கூப்பிட்ட வாய். பாய் மறுநாளே கயிற்றை அவிழ்த்துவிட்டார். எட்டு மாதம் கவுண்டர் என்னிடம் பேசவில்லை.

எட்டாம் மாதம் என் மகள் மஞ்சுளாவுக்கு இடம் அமைந்தது. பையன் நான்கு மலை தாண்டி ஒரு ஊர். நல்ல உழைப்பாளி. அவளுக்கும் பிடித்திருந்தது. இதற்கு முன் இரண்டு இடம் பேசிக் கூடிவராமல் போயிருந்தது. மூன்றாவதும் போனால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் நாலைந்து ஊரில், பெண் பேசி முடிக்கிற நாளில் ஒரு வழக்கம். தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு கட்டு பீடி வைப்போம். ஊர்க் கவுண்டர் கூட்டத்து நடுவில் உட்கார்ந்து ஒரு பீடி எடுப்பார். பெண்ணைப் பெற்றவன் தன் கையால் நெருப்பு கொடுக்க வேண்டும். கவுண்டர் ஒரு இழுப்பு இழுத்தால் ஊர் சம்மதம். அதற்குப் பிறகுதான் தட்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் போகும். கவுண்டர் பீடியைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்படி வைத்து இரண்டு கல்யாணம் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

கவுண்டரைக் கூப்பிட அவர் வீட்டுக்குப் போனேன். "வர்றேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்து நான் ஒரு தப்பு செய்தேன். ஐப்பசி மழை. என் வீட்டில் பாதி ஓடு மாற்றிக்கொண்டிருந்தோம். ஊரில் புதிதாகச் சமுதாயக் கூடம் கட்டியிருந்தார்கள். சாவி வாங்கி, நோட்டில் அன்றைய பொறுப்பு காளி என்று கையெழுத்துப் போட்டேன். என் மேல் பிரியமாக இருந்தவர் என்று இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டேன். கூடத்தில் பீடி குடிக்கக்கூடாது என்று போர்டு அடித்ததே நான். ஏணியைப் பிடித்தது மஞ்சுளா. பீடியின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட படம். இதெல்லாம் தெரிந்தும் எனக்குத் தோன்றவே இல்லை. பீடி என்றால் பாய் கடைப் பெஞ்சு என்றுதான் என் மண்டையில் இருந்தது. தட்டில் இருப்பதை நான் பீடியாகவே நினைத்ததில்லை.

அன்று காலை கூடத்தில் உட்காரப் பாய்களை விரித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் போர்டைப் பார்த்தேன். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேன் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஒரு எவர்சில்வர் குடத்தோடு வந்தார். சுவர் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்தார். போர்டு அவர் தலைக்கு மேலே இருந்தது. கவுண்டர் வந்தார். கூட்டத்து நடுவில் உட்கார்ந்தார். முறைப்படி பேச்சு நடந்தது. குற்றம் குறை ஒன்றும் இல்லை. தட்டைக் கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் ஒரு பீடி எடுத்தார். உருட்டினார். வாயில் வைத்தார். தலையைத் தூக்கிப் போர்டைப் பார்த்தார். எழுத்து தெரியாவிட்டாலும் படம் தெரியும். அப்புறம் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அப்புறம் என்னை.

"நெருப்பு எங்க, கவர்மெண்டு?"

தீப்பெட்டி என் சட்டைப் பையில் இருந்தது. கூடத்தில் அறுபது எழுபது பேர். இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து வெளியே போயிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் அப்படிப் போகிற ஆள் இல்லை. மஞ்சுளா பெண்கள் நடுவில் இருந்தாள். அவள் கவுண்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

நான் எழுந்து வாசலுக்கு நடந்தேன். மழை விட்டிருந்தது. வாசலுக்கு மேலே சிமெண்டுக் கூரை கொஞ்சம் நீட்டியிருக்கும். அதிலிருந்து தண்ணீர் விழுந்து மண்ணில் கோடு. படியிறங்கி, கோட்டைத் தாண்டி வெளியே நின்றேன். திரும்பி, கதவு வழியே கவுண்டரைப் பார்த்து ஒரு குச்சியைக் கிழித்தேன். காற்றில் அணைந்தது. இரண்டாவதைக் கிழித்தேன். அதுவும் அணைந்தது.

உள்ளே ஒருவன் சிரித்தான். யாரோ அவனை அடக்கினார்கள்.

கவுண்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். "நெருப்பு என்கிட்ட நடந்து வரணும். நான் நெருப்புகிட்ட நடக்கறதா?"

"உள்ள வராதுங்க மாமா. போர்டு கீது."

"யார் அடிச்ச போர்டு?"

"நான் அடிச்சதுங்க."

மாப்பிள்ளையின் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வேன் பக்கம் பார்த்தார். என் சம்சாரம் சுவரில் கை வைத்துக்கொண்டாள். நான் மூன்றாவது குச்சியைக் கையில் எடுத்தேன், கிழிக்கவில்லை. பெட்டியில் இன்னும் நாலைந்துதான் இருந்தன.

கவுண்டர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். தட்டைப் பார்த்தார். திருப்பி வைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கை தட்டு வரைக்கும் போனது. அங்கே நின்றது.

பிறகு அவர் மாப்பிள்ளையின் அப்பாவிடம், "உக்காரு. இன்னும் முடியல" என்றார்.

எழுந்தார். முட்டியில் கை ஊன்றி மெதுவாக எழுந்தார். கூட்டம் வழி விட்டது. வாசல் வரை வந்தார். ஒரு கால் நிலைப்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. அதோடு நின்றுவிட்டார். பீடியை வாயில் வைத்து, முகத்தை மட்டும் நீட்டினார்.

அவருக்கும் எனக்கும் நடுவில் மூன்று எட்டு. அவர் அதற்கு மேல் வரமாட்டார். வந்த அளவே அவருக்கு அதிகம். எனக்குத் தெரிந்தது.

மூன்று எட்டும் நான் எடுத்தேன். கோட்டைத் தாண்டி, படி ஏறி, அவர் முகத்துக்கு எதிரே போய் நின்றேன். குச்சியைக் கிழித்து இரண்டு கையாலும் பொத்திக் கொடுத்தேன். பீடி பிடித்தது. ஒரு இழுப்பு. காற்று வெளியிலிருந்து அடித்ததால் புகை கூடத்துக்குள்ளேயே போனது.

தட்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் போனது. அப்புறம் எல்லாரிடமும் போனது. இன்ஸ்பெக்டர் ஒரு வெற்றிலை, ஒரு பாக்கு எடுத்துக்கொண்டார். மஞ்சுளாவை ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் நிலையத்துக்குப் போனபோது மேசை மேல் ரசீதுப் புத்தகம் இருந்தது.

"காளி, நேத்து முதல்ல எங்க நின்ன?"

"கோட்டுக்கு வெளியங்க சார்."

"நெருப்பு கொடுக்கும்போது?"

அவர் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார். நடுவில் அத்தனை தலைகள். என் கால் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. வெளியே என்று சொன்னால் அதோடு முடிந்தது. உள்ளே என்றால் எனக்கு ஒரு ரசீது, கவுண்டருக்கு ஒன்று. கல்யாணம் தை மாதம். நடுவில் இரண்டு மாதம் இருந்தது. கவுண்டர் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள இரண்டு மாதம் போதும்.

அவர் அவசரப்படுத்தவில்லை. பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"உள்ளங்க சார்."

அவர் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார். "அப்ப ரெண்டு கிழிக்கணும்" என்றார்.

கவுண்டருடையதையும் என் பேரிலேயே போடுங்கள் என்றேன். அப்படிப் போட முடியாது என்றார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார். கவுண்டரைக் கூட்டி வா என்றார்.

அந்த நடையை நான் மறக்கவில்லை. அரை மைல்கூட இருக்காது. கவுண்டர் களத்தில் சாமைக் கதிர் பரப்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். அவர் கதிரை விட்டுக் கை எடுக்கவில்லை.

"கோட்டுக்கு உள்ளன்னு யார் சொன்னது?"

"நான்தாங்க."

"அவர் கேட்டாரா, கேக்காம நீயா சொன்னியா?"

"கேட்டாருங்க."

"பொய் சொல்லியிருந்தா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

அவர் நிமிர்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். தொட்டித் தண்ணீரில் கை கால் கழுவினார். துண்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.

இன்ஸ்பெக்டர் அவருக்கு நாற்காலி போட்டார். கவுண்டர் உட்காரவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு ரசீதும் எழுதினார். பெயர், தகப்பன் பெயர், இடம், நேரம். எனக்கு, அன்றைக்குக் கூடத்தின் பொறுப்பாளனாக இருந்து நெருப்பு கொடுத்ததற்கு. அவருக்கு, கோட்டுக்கு உள்ளே புகை விட்டதற்கு. உரக்கப் படித்தார். கடைசியில் கேட்டார்.

"சாட்சி?"

அறையில் நாங்கள் மூன்று பேர்தான். இன்ஸ்பெக்டர் பார்க்கவில்லை. பார்க்காதவர் போடமாட்டார். நான் குனிந்து நின்றேன். சாட்சி இல்லை என்று புத்தகத்தை மூடிவிடுவார் என்று நினைத்தேன்.

கவுண்டர் மேசைக்கு வந்தார். "இவனுக்கு நான். எனக்கு இவன். வேற யார் பார்த்தா?" என்றார்.

மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தி என் ரசீதில் வைத்தார். விரலை எடுத்து, சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு தன் ரசீதை என் பக்கம் தள்ளினார்.

"எழுது மாப்ளே. உனக்குத்தான் நல்லா வருதே."

எழுதினேன். சாட்சி, காளி.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மஞ்சுளாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அந்த வழக்கத்தை எங்கள் ஊர் விடவில்லை. ஆனால் நெருப்பை இப்போது கூடத்துக்கு வெளியே, மண்ணில் விழுந்த கோட்டுக்கு அப்பால் கொடுக்கிறார்கள். எல்லாரும் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்ப வந்து உட்காருகிறார்கள். அதுதான் முதலிலிருந்தே முறை என்று சின்னவர்கள் நினைக்கிறார்கள். தீர்மானம் எதுவும் போடவில்லை. புது இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். கவுண்டர் பெருவிரல் வைத்த அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று கொடுத்த சால்வையோடு வைத்திருக்கிறேன்.

அன்று கையெழுத்து முடிந்து கவுண்டரும் நானும் வெளியே வந்தோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நிலையத்துக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கவுண்டர் தரையைப் பார்த்து நடந்தார். கோடு வந்ததும் நின்றார். காலை அகட்டி வைத்துத் தாண்டினார். தூறலில் போய் நின்றுகொண்டு காதில் செருகியிருந்த பீடியை எடுத்தார்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு நானும் தாண்டினேன்.